தமிழாசானின் ஆங்கில மாணவர் – எட்வர்டு கார்ப்பெண்டர்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

முன்னுரை

வாளேந்திப் போர் புரிந்தோரின் வரலாற்றை நாம் வகுப்பறையில் படிக்கிறோம். உழைப்பாளர்க்காகவும், பெண்களுக்காகவும், தாழ்த்தப்பட்டோர்க்காகவும் குரல் கொடுத்த சான்றோரின் வரலாற்றையும் படிக்கிறோம். ஆனால் ஆண் ஆணிடத்தும் பெண் பெண்ணிடத்தும் கொள்ளும் காதல் குற்றமன்று என்று, அதனைக் குற்றமெனத் தண்டித்த நாட்டிலேயே நின்று சொன்ன ஒருவரின் வாழ்க்கையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர் இங்கிலாந்து நாட்டவர். எனினும் ஒரு தமிழ் இலக்கண ஆசிரியரின் காலடியில் அமர்ந்து பாடம் கேட்டவர்; ஒரு தமிழ்ப் பெருமகனாரை அரைநூற்றாண்டுக் காலம் நண்பராகப் பெற்றவர். அவர்தாம் எட்வர்டு கார்ப்பெண்டர்.

என் ஊர் கருங்குழி. வள்ளற்பெருமான் வாழ்ந்த கருங்குழி வடலூரை அடுத்தது. எங்கள் கருங்குழியோ மதுராந்தகத்தை அடுத்தது. கும்பினியார் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், செங்கற்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் எங்கள் ஊரிலிருந்துதான் ஆட்சி நடத்தினார். ஏரிகாத்த இராமர் கதையில் வரும் துரை அவரே. துரைமார் வந்தனர், வரி வந்தது, கச்சேரி வந்தது, பின்னர்ச் சட்டமும் வந்தது. அச்சட்டங்களுள் ஒன்று 158 ஆண்டுகள் நம்மவரை அச்சுறுத்தி நின்றது. அச்சட்டத்தைத் தந்த நாட்டிலேயே அதன் அடிப்படையை எதிர்த்த குரலும் எழுந்தது என்பதை அறிந்தபோது, வரலாற்று மாணவன் என்ற முறையில் அவ்வாழ்வை எழுத விழைந்தேன்.

பிறப்பும் கல்வியும்

கார்ப்பெண்டர் 1844 ஆகஸ்டு 29ஆம் நாள் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், பிரைட்டனை அடுத்த ஹோவ் என்னும் ஊரில் பிறந்தார். செல்வக் குடும்பம். உடன்பிறந்த பெண்கள் பலர். கற்ற அறிவிருந்தும் செய்ய வேலையின்றி, திருமணத்தை எதிர்பார்த்து வீட்டினுள் முடங்கிக் கிடந்த அப்பெண்களின் நிலையே அவருடைய உள்ளத்தில் விழுந்த முதல் முள் எனலாம். பெண் விடுதலையைப் பற்றி அவர் பின்னாளில் எழுதியவற்றின் வேர் அவ்வீட்டிலேயே இருந்தது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி ஹாலில் கணிதம் பயின்று, 1868இல் பத்தாமிடம் பெற்றுத் தேறினார். கல்லூரி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. மறைத்தொண்டிலும் ஈடுபட்டு, அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த பிரெடரிக் டெனிசன் மாரிசு என்னும் இறையியல் அறிஞரின் கீழ் உதவிக் குருவாகப் பணியாற்றினார். பதவி, பெருமை, ஊதியம் யாவும் கைக்கு எட்டிய நிலையில், மனம் மட்டும் அவற்றில் ஒட்டவில்லை. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் கவிதைகளைப் படித்தபோது, ஆடவர்க்கிடையே தோன்றும் அன்பைக் கூச்சமின்றிப் பாட முடியும் என்பதை அறிந்தார். தாம் யார் என்பதும் அவருக்கு மெல்லத் தெளிவாயிற்று. 1874இல் குருத்துவத்தையும் கல்லூரிப் பதவியையும் துறந்தார்.

அதன்பின் வட இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் பல்கலைக்கழக விரிவுரையாளராகப் பணியாற்றினார். வானநூலும் இசையும் கற்பித்தார். 1877இல் அமெரிக்கா சென்று விட்மனை நேரில் கண்டார். 1884இல் மீண்டும் ஒருமுறை சென்று கண்டார்.

மில்த்தார்ப் வாழ்க்கை

1882இல் தந்தை மறைந்தார். கிடைத்த பங்கில் ஷெபீல்டு நகருக்குத் தெற்கே மில்த்தார்ப் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ ஏழு ஏக்கர் நிலம் வாங்கி, வீடு கட்டி, 1883 முதல் அங்கே வாழலானார். கேம்பிரிட்ஜில் கணிதப் பட்டம் பெற்றவர் மண்வெட்டி பிடித்துக் காய்கறி பயிரிட்டார். விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுசென்று விற்றார். இந்தியாவிலிருந்து நண்பர் ஒருவர் அனுப்பிய காசுமீரச் செருப்பை மாதிரியாகக் கொண்டு தம் கையாலேயே செருப்புத் தைத்தார். காலை இறுக்கும் பூட்சு போன்றதே மனத்தை இறுக்கும் வழக்கமும் என்பது அவர் கருத்து.

ஷெபீல்டு சமதர்மச் சங்கம் 1886இல் தோன்றியபோது அதன் தூண்களுள் ஒருவராக நின்றார். தொழிலாளர் ஊர்வலங்களில் நெடுங்காலம் பாடப்பட்ட எழுச்சிப் பாடல் ஒன்றை இயற்றி இசையமைத்தார். ஷெபீல்டு ஆலைகளின் புகை மக்களின் நுரையீரலைக் கெடுப்பதை எதிர்த்து எழுதினார். 1889இல் வெளிவந்த 'நாகரிகம்: அதன் காரணமும் மருந்தும்' என்னும் பொருள்படும் அவரது நூலைக் காந்தியடிகள் படித்து, 1909இல் தாம் எழுதிய 'இந்திய சுயராச்சியம்' நூலின் இறுதியில் படிக்கத்தக்க நூல்களின் பட்டியலில் சேர்த்தார். ஆக, நம் விடுதலைப் போர் வரலாற்றிலும் கார்ப்பெண்டருக்கு ஒரு சிறு இடம் உண்டு.

அக்காலத்துச் சட்டம்

கார்ப்பெண்டரின் துணிவை அளந்தறிய அக்காலத்துச் சட்டத்தை அறிதல் வேண்டும். எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில், 1533இல், ஆடவர்க்கிடையேயான உறவுக்கு மரணதண்டனை விதிக்கும் சட்டம் இங்கிலாந்தில் வந்தது. 1835இல்கூட இருவர் லண்டனில் தூக்கிலிடப்பட்டனர். 1861இல்தான் மரணதண்டனை நீங்கி, நெடுங்காலச் சிறைத்தண்டனை வந்தது. 1885இல் லபுஷேர் என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம், தனியறையில் நிகழ்ந்த எந்த நெருக்கத்திற்கும் இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்க வழிவகுத்தது. மிரட்டிப் பணம் பறிப்போர்க்கு அச்சட்டம் ஒரு வரமாயிற்று. பெண்களிடையேயான காதலைச் சட்டம் பெயர் சொல்லித் தண்டிக்கவில்லை. ஆனால் சமுதாயம் அதனைப் பேசவே விடவில்லை. பேச்சின்மையும் ஒரு தண்டனையே அன்றோ?

இதே சட்டத்தின் நிழல் கடல் கடந்தும் வந்தது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறானது எனத் தான் கருதிய உறவுக்கு ஆயுள்தண்டனை வரை விதித்தது. 1883ஆம் ஆண்டு இலங்கைத் தண்டனைச் சட்டத்திலும் இத்தகைய பிரிவு இடம்பெற்றது.

குருநாகலில் ஒரு தமிழ்க் குரு

கேம்பிரிட்ஜில் கார்ப்பெண்டருக்குக் கிடைத்த நண்பர்களுள் ஒருவர் பொன்னம்பலம் அருணாசலம். 1853இல் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். சர் பொன்னம்பலம் இராமநாதனின் தம்பி. போட்டித் தேர்வு வழியாக இலங்கை ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் இலங்கையர். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர். பகவத்கீதையைக் கார்ப்பெண்டருக்கு அறிமுகம் செய்தவர் அவரே. அக்கீதையைப் படித்த மனநிலையில்தான் 'சனநாயகத்தை நோக்கி' என்னும் நெடுங்கவிதை நூலைக் கார்ப்பெண்டர் எழுதி 1883இல் வெளியிட்டார்.

அருணாசலத்தின் அழைப்பை ஏற்று, 1890ஆம் ஆண்டின் இறுதியில் கார்ப்பெண்டர் இலங்கைக்குக் கப்பலேறினார். அப்போது அருணாசலம் குருநாகலில் நீதிபதியாக இருந்தார். அங்கே தில்லைநாத சுவாமிகளின் மாணவரும், இலக்கணப் புலமையால் இலக்கணம் இராமசாமி எனப் பெயர் பெற்றவருமான முதிய ஞானி ஒருவரைக் கார்ப்பெண்டர் சந்தித்தார். நாள்தோறும் அவரிடம் சென்று, அருணாசலத்தின் மொழிபெயர்ப்பின் துணையோடு, சைவ சித்தாந்தமும் யோகமும் கேட்டார். எண்ணங்களை அடக்கி உள்ளே நிற்கும் அறிவை உணர்தல், எவ்வுயிரினிடத்தும் வேற்றுமை பாராட்டாதிருத்தல் ஆகிய இரண்டும் அவரை ஆழமாகப் பற்றின. குருவின் எல்லாக் கருத்துகளையும் அவர் ஏற்றுக்கொண்டாரல்லர். உலகைப் பற்றிய பழைய நம்பிக்கைகளைக் குரு சொன்னபோது, மறுப்பின்றிக் கேட்டுக்கொண்டு, தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். நல்ல மாணவர்க்கு இதுவே இலக்கணம்!

அங்கிருந்து தமிழகம் வந்து, தென்னாட்டுக் கோயில்களைக் கண்டு, சென்னை வழியாகக் கல்கத்தா, காசி, தில்லி, பம்பாய் எனப் பயணம் செய்தார். அப்பயண நூல் 1892இல் வெளியாயிற்று. வெள்ளையர் தம்மை இந்தியரிடமிருந்து ஒதுக்கிக்கொண்டு வாழ்ந்த செருக்கை அந்நூலில் அவர் கண்டித்தார்.

இப்பயணத்திற்கும் அவர் பின்னர் நடத்திய போராட்டத்திற்கும் தொடர்பு உண்டா? உண்டு என்பதே என் கருத்து. உடல் வேறு, சாதி வேறு, இனம் வேறு என்னும் பிரிவுகளுக்கு அடியில் ஒரே உயிர் நிற்கிறது என்ற பாடத்தை ஏற்றுக்கொண்ட ஒருவர், தம் இயல்பைத் தாமே இழிவாகக் கருதிக்கொண்டிருக்க முடியாது. ஊருக்குத் திரும்பிய சில ஆண்டுகளிலேயே அவர் பேனா இதுவரை தொடாத பொருளைத் தொட்டது.

துணிவின் ஆண்டு

1894இல் பெண்கள், திருமணம், ஆண்-பெண் உறவு ஆகியன பற்றிச் சிறு நூல்களை மான்செஸ்டர் தொழிலாளர் அச்சகத்தின் வழியாக வெளியிட்டார். அவ்வரிசையில் நான்காவதாக, ஒருபாலாரிடையே தோன்றும் காதலைப் பற்றிய நூலை எழுதினார். அது கடைக்கு வரவில்லை; 1895 தொடக்கத்தில் நண்பர்களிடையே மட்டும் தனிச்சுற்றாக வழங்கப்பட்டது. பண்டைய கிரேக்கம் முதல் தம் காலம் வரை இக்காதல் எங்கும் இருந்துவந்தது, இது நோயன்று, சிலர்க்குப் பிறவி இயல்பு, தனிமனிதரின் இவ்வுறவில் தலையிடச் சட்டத்திற்கு உரிமையில்லை என்பனவே அதில் அவர் நிறுவிய கருத்துகள்.

அது வெளிவந்த சில மாதங்களிலேயே இடி விழுந்தது. நாடக ஆசிரியர் ஆஸ்கார் வைல்டு 1895 மே மாதம் இரண்டாண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார். நாடெங்கும் அச்சம் பரவியது. கார்ப்பெண்டரின் அடுத்த நூலை வெளியிட இசைந்திருந்த லண்டன் பதிப்பாளர் பின்வாங்கியதோடு, முன்னர் விற்றுவந்த அவருடைய கவிதை நூலையும் கைவிட்டார். கார்ப்பெண்டர் ஓடவில்லை, வாய் மூடவுமில்லை. அதே தொழிலாளர் அச்சகம் 1896இல் அந்நூலை வெளியிட்டது. ஒருபால் காதல் பற்றிய பகுதியை 1906ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். 1908இல் 'இடைப்பட்ட பால்' என்னும் பொருளுடைய தனி நூலையே வெளியிட்டார். ஆங்கிலத்தில் பொதுமக்கள் விலை கொடுத்து வாங்கிப் படிக்கக் கிடைத்த இத்தகைய நூல்களுள் அது முன்னோடி. தனிமையில் வெந்துகொண்டிருந்த ஆண்களும் பெண்களும் பல நாடுகளிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினர்.

1902இல் உலக இலக்கியங்களிலிருந்து நட்பைப் போற்றும் பகுதிகளைத் திரட்டி ஒரு தொகைநூல் வெளியிட்டார். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் கொண்ட நட்பை அறிந்த நமக்கு அவர் நோக்கம் எளிதில் விளங்கும். நட்பு வேறு, காதல் வேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆண் ஆணுக்காக உயிரையும் விடும் அன்பு கொள்வது மாந்த இயல்புக்குப் புறம்பானதன்று என்பதற்குச் சான்றோர் இலக்கியமே சாட்சி.

ஜார்ஜ் மெரில்

எழுத்தில் சொன்னதை வாழ்ந்தும் காட்டினார். இந்தியாவிலிருந்து திரும்பிய 1891ஆம் ஆண்டில், இரயில் பயணம் ஒன்றில் ஜார்ஜ் மெரில் என்னும் இளைஞரைச் சந்தித்தார். மெரில் ஷெபீல்டு நகரின் ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். கல்லூரி வாயிலை மிதித்தறியாதவர். 1898இல் மெரில் மில்த்தார்ப் வீட்டில் குடியேறினார். நண்பர் பலர் தடுத்தனர். படித்தவர் படியாதவரோடு, செல்வர் ஏழையோடு, அதுவும் ஆண் ஆணோடு வாழ்வதா என்று ஊர் முணுமுணுத்தது. கார்ப்பெண்டர் செவிசாய்க்கவில்லை. அவ்விருவரும் முப்பதாண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர்.

அவ்வீடு பலருக்குப் புகலிடமாயிற்று. நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் 1913இல் அங்கே வந்தார். அவ்விருவரின் வாழ்வைக் கண்ட உந்துதலால், இரு ஆடவரின் காதல் இன்பமாக முடியும் 'மாரிசு' என்னும் நாவலை எழுதினார். ஆனால் அதனை வெளியிட அவருக்குத் துணிவு வரவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1971இல்தான் அந்நாவல் அச்சேறியது. ஒருவர் வாழ்ந்தே காட்டியதை, மற்றொருவர் அரைநூற்றாண்டுக்கு மேல் பெட்டியில் பூட்டிவைக்க நேர்ந்தது. இதிலிருந்தே அக்காலத்து அச்சத்தின் கனம் விளங்கும்.

எதிர்ப்பும் உறுதியும்

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1909இல் அவ்வட்டாரத்தார் ஒருவர் கார்ப்பெண்டரை இழித்துத் துண்டு நூல் அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினார். காவல்துறையின் கண்ணும் அவர்மீது இருந்தது. எனினும் அவர் சிறை செல்லவில்லை. காரணம் என்ன? உடலுறவைப் பற்றி வெளிப்படையாக எழுதாமல் அறிவியல் நடையில் எழுதியது ஒன்று. சிற்றூரில் எளிய வாழ்வு வாழ்ந்து அண்டை அயலாரின் அன்பைப் பெற்றது மற்றொன்று. செல்வமும் கல்வியும் அவருக்குக் கவசமாயின என்பதையும் மறைத்தலாகாது. மெரிலைப் போன்ற ஏழைகள் பலருக்கு அக்கவசம் இல்லை.

அவருடைய கோட்பாட்டில் குறையும் உண்டு. ஆணுடலில் பெண் மனமும் பெண்ணுடலில் ஆண் மனமும் கலந்திருப்பதால் இக்காதல் தோன்றுகிறது என்று அவர் கருதினார். இன்றைய அறிவியல் அதனை அப்படியே ஏற்பதில்லை. ஆனால் நோயென்றும் பாவமென்றும் மட்டுமே பேசப்பட்ட காலத்தில், இயல்பு என்ற சொல்லை முன்வைத்ததே அவருடைய அருஞ்செயல்.

அவர் தனித்து நிற்கவுமில்லை. ஜெர்மனியில் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டு 1897இல் தொடங்கிய கழகம், அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவை நீக்கப் போராடியது. 1914இல் இங்கிலாந்தில் பாலியல் உளவியலை ஆராயும் சங்கம் அமைந்தபோது கார்ப்பெண்டர் அதன் தலைவரானார். பெண்களிடையேயான உறவையும் குற்றமாக்க 1921இல் இங்கிலாந்துக் கீழவை முயன்றது; பேசினால் பெண்கள் அறிந்துகொள்வர் என்ற அச்சத்தாலேயே மேலவை அதனைத் தள்ளியது!

இறுதி நாட்கள்

1922இல் இருவரும் தென்னிங்கிலாந்தின் கில்ஃபோர்டு நகருக்குக் குடிபெயர்ந்தனர். 1924 சனவரியில் நண்பர் அருணாசலம், திருத்தல யாத்திரைக்கு வந்த இடத்தில், நம் மதுரையில் காலமானார். ஞானநெறி பற்றி அருணாசலம் தமக்கு எழுதிய கடிதங்களைத் தொகுத்துக் கார்ப்பெண்டர் 1927இல் நூலாக வெளியிட்டு நட்புக் கடன் தீர்த்தார். 1928 சனவரியில் மெரில் மறைந்தார். அத்துயரிலிருந்து கார்ப்பெண்டர் மீளவில்லை. 1929 சூன் 28ஆம் நாள், தம் 84ஆம் வயதில் உயிர்நீத்தார். வாழ்வில் பிரியாத இருவரும் கில்ஃபோர்டு கல்லறைத் தோட்டத்தில் ஒரே குழியில் துயில்கின்றனர்.

விதைத்ததும் விளைந்ததும்

அவர் எதிர்த்த சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967இல் தளர்ந்தது. 1969 சூன் மாதம் நியூயார்க் நகரின் ஸ்டோன்வால் விடுதியில் காவலர் சோதனையிட்டபோது, அங்கிருந்தோர் திருப்பி எதிர்த்தனர். அந்நாளின் நினைவே ஆண்டுதோறும் நடைபெறும் பேரணிகளாயிற்று. 2009 சூனில் நம் சென்னையிலும் அத்தகைய பேரணி முதன்முறையாக நடைபெற்றது. அதனையடுத்து சூலை 2ஆம் நாள் தில்லி உயர்நீதிமன்றம் 377ஆம் பிரிவின் கடுமையை நீக்கியது. 2013 திசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பின்னர் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று எனத் தீர்ப்பளித்தனர்.

2021இல், பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கைச் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தமக்கு இப்பொருளில் போதிய அறிவு இல்லை எனக் கருதி, உளநல வல்லுநரிடம் தாமே சென்று கேட்டறிந்த பின்னரே தீர்ப்பெழுதினார். மருத்துவம் என்ற பெயரில் இவர்களை மாற்ற முயல்வதைத் தடைசெய்தார். ஒரு நீதிபதி மாணவராக அமர்ந்து கற்றார் என்பதை, கல்லூரியில் கற்கும் நாமும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களும் எண்ணிப் பார்த்தல் நன்று. 2022இல் தமிழக அரசு, இம்மக்களைக் குறிக்கும் மதிப்பான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. 2023 மே மாதம், தண்டனைப் பிரிவை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணன்று என இலங்கை உச்சநீதிமன்றமும் கூறிற்று.

முடிவுரை

சட்டம் மாறிவிட்டது, மனம் மாறிவிட்டதா? என்னோடு பள்ளியில் பயின்ற ஒருவன், நடையையும் குரலையும் காரணமாக்கிச் சூட்டப்பட்ட பட்டப்பெயரைத் தாங்கமாட்டாமல், மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு முன்பே படிப்பை விட்டான். மதிப்பெண்ணில் அவன் எங்களுள் எவர்க்கும் இளைத்தவனல்லன். அவனைத் துரத்திய சட்டம் எதுவுமில்லை, சொல்தான் துரத்தியது. பேருந்திலும் விடுதியிலும் திரைப்படத்திலும் நாம் சிரித்துக்கொண்டே உதிர்க்கும் சொல், பக்கத்து இருக்கையில் இருப்பவரின் நெஞ்சில் என்ன செய்கிறது என்பதை நாம் அறிய மாட்டோம். ஏனெனில் அவரும் அச்சத்தால் நம்மோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருக்கலாம்.

கார்ப்பெண்டர் அக்கால அரசின் தண்டனைக்கு அஞ்சாமல் எழுதினார். நமக்கு அத்தனை பெரிய துணிவு தேவையில்லை. ஓர் ஏளனச் சொல்லைச் சொல்லாமல் விடும் சிறு துணிவும், சொல்பவரை இடைமறித்து நிறுத்தும் இன்னும் சற்றுப் பெரிய துணிவும் போதும். அன்புடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். அவர் மொழியில் கல்வி கற்கும் நாம், எந்த அன்பையும் இழிவு செய்யாத வகுப்பறையை உருவாக்குவோமாக! படிப்பைப் பாதியில் விட்ட ஒருவரேனும் அவ்வகுப்பறைக்குத் திரும்பி வருவாராயின், தமிழாசானிடம் பாடம் கேட்ட அந்த ஆங்கில மாணவருக்கு நாம் செலுத்தும் குருதட்சிணை அதுவே ஆகும்.